கேரல் எந்தத் தெருவில் தொடங்குகிறது?



சிற்றூர்க் கோயில்களின் இளைஞர் குழுக்கள் பற்றி, அதாவது மாதா கோயில் இளைஞர்களின் வரலாறு பற்றி, பேசச் சொன்னீர்கள். அதன் ஒரு வேர் பெல்ஜியத்தில் இருக்கிறது. தொழிலாளி வீட்டில் பிறந்த கார்டின் என்ற பாதிரியார், ஆலைக்குப் போன இளைஞர்களைத் திரட்டி 1925இல் இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். பார், ஆராய், செயல்படு என்பது அவர் தந்த வழிமுறை. அது நம் ஊர்ப் பங்குகளுக்கும் வந்தது.

17 வயதில் நான் எங்கள் பங்கின் இளைஞர் குழுச் செயலாளர். மேடையில் பேசவும் வரவு செலவு எழுதவும் அங்கேதான் கற்றேன். அதை மறுக்க மாட்டேன். கூட்டக் குறிப்பேடு என் கையில் இருந்தது. ரத்த தானம், குடில், கிரிக்கெட் போட்டி எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு டிசம்பரிலும் கேரல் போகும் தெருக்களின் பட்டியலும் இருக்கும். முதலில் கோயில் தெரு. கடைசியில், "காலனி – நேரமிருந்தால்". எனக்கு முந்தைய செயலாளர்களும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒரு வருடமும் நேரம் இருந்ததில்லை.

எங்களுக்குத் தபேலா வாசித்தவன் காலனிப் பையன். ஒரு கூட்டத்தில் அவன் கேட்டான்: "இந்த வருசம் எங்க தெருவுல இருந்து தொடங்கலாமாடா?" யாரும் மறுக்கவில்லை. யாரும் பதிலும் சொல்லவில்லை, நான் உட்பட. அந்தக் கேள்வியை நான் குறிப்பேட்டில் எழுதவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை.

இது எங்கள் ஊரோடு முடிகிற கதையல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கம் என்று தடுப்புச் சுவரே இருந்தது. 1910 வாக்கில் அது இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில், சவ ஊர்வலத்துக்குக்கூடப் பொதுத்தெரு மறுக்கப்பட்ட தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்கள் 2 பேர் இறந்தார்கள். சாதி தன் பிள்ளைகளையும் காவு வாங்கியது. அரசோ 1950 ஆணையைக் காட்டி, கிறித்தவராகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை என்கிறது. கல்லறையில் உண்டு, இடஒதுக்கீட்டில் இல்லை. இதென்ன நியாயம்?

இந்த ஊர்களிலும் பாடற்குழு இருந்தது, இளைஞர்கள் இருந்தார்கள். நாங்கள் செயல்படாமல் போனதற்குத் துணிச்சல் இல்லாதது மட்டும் காரணமல்ல. முதல் படியான 'பார்' என்பதையே நாங்கள் செய்யவில்லை. கண்ணெதிரே இருந்ததை 'நேரமிருந்தால்' என்று எழுதி மூடிவிட்டோம்.

உங்களில் பலர் இன்றும் அந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள். வெளியேறச் சொல்லவில்லை. ஊருக்குப் போனதும் பழைய குறிப்பேட்டை எடுத்துப் படியுங்கள். யார் தலைவர், யார் பந்தல் கட்டினார், எந்தத் தெரு விடுபட்டது என்று பாருங்கள். வரும் டிசம்பரில் பட்டியலின் முதல் வரியில் காலனியை எழுதுங்கள். எதிர்ப்பு வரும். அதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

நான் எழுதாமல் விட்ட கேள்வியை நீங்களாவது எழுதுங்கள்.