செய்தியைச் சோதித்தலும் குடிமைக் கடமையே



கனடா நம் பிள்ளைகளுக்கு 18 வயதில் வாக்குரிமை அளிக்கின்றது. ஆனால் அவ்வாக்கைத் தீர்மானிக்கும் செய்திகளோ, பல்லாண்டுகள் முன்னரே அவர்தம் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகின்றன. ஆதலின் ஊடகக் கல்வி மக்களாட்சியின் அடிப்படைக் கல்வியாகும்.

நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணம் 1987ஆம் ஆண்டிலேயே ஊடகக் கல்வியை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கியது. எனினும், நம் இல்லங்களில் தமிழில் உலவும் செய்திகளை அவ்வகுப்பறை எட்டுவது அரிது. அப்பணி நம்முடையது.

வதந்தியின் கொடுமையை நம் தாயகமும் கண்டுள்ளது. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக முகநூலில் ஒரு காணொளி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அவ்வுணவைப் பரிசோதித்தபோது, அது வெறும் மாக்கட்டி எனத் தெரிந்தது. மார்ச்சில் கண்டியில் வன்முறை மூண்டபோது, அரசு முகநூலையே சில நாட்கள் முடக்கியது. முடக்குதல் மக்களாட்சியின் வழியன்று. பகுத்துணரும் குடிமக்களே அதன் காவல்.

அவ்வாறு பகுத்துணர்வது எங்ஙனம்? ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர் பலர் ஓர் இணையப் பக்கத்தின் தோற்றத்தை நம்பி அதனுள்ளேயே நின்றனர். செய்தி சரிபார்ப்போரோ விரைவில் அதனை விட்டு வெளியேறி, அதை நடத்துவோர் யாவர் எனப் பிற தளங்களில் தேடினர். இப்பழக்கத்தை இல்லத்திலும் கற்கலாம். இதைக் கூறுபவர் யார்? சான்று யாது? ஏனையோர் கூறுவது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே எச்செய்தியையும் பிறருக்கு அனுப்புங்கள்.

பெற்றோர் தமிழ்ச் செய்தியை நன்கு வாசிப்பர். பிள்ளைகள் இணையத்தில் திறம்படத் தேடுவர். இருவரும் இணைந்தாலே இது முழுமையுறும். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" எனப் பெற்றோர் தள்ளிவிடலாகாது. பெற்றோர் தவறான செய்தியொன்றைப் பகிர்ந்தால் பிள்ளைகளும் எள்ளலாகாது.

இறுதியாக ஒன்று. நமக்கு உவப்பான செய்தியையே நாம் முதலில் ஐயுற வேண்டும். நீதி கோரி நிற்கும் இனம் நாம். நாம் பகிரும் ஒரு பொய்ப் படம், ஆயிரம் மெய்ச் சாட்சியங்களை மறுப்பதற்குக் கருவியாகிவிடும். உண்மையே நம் வலிமை. அதனைப் பேணும் பயிற்சியை இன்றே நம் இல்லங்களில் தொடங்குவோம்.