அயல்நாட்டுப் பணமும் ஊர்க் கணக்கும்

(கேளம்பாக்கத்தில் நடைபெற்ற உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சொந்த நிலத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் தட்பவெப்ப மாற்றத்தைச் சமாளிப்பதற்கென்று வெளிநாடுகளிலிருந்து வரும் திட்டப் பணத்துக்கு இது பொருந்தாது. அங்கே கணக்குப் பார்க்காவிட்டால்தான் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, அதற்குக் கணக்கு வைப்பவர் யார், நம் ஊர்க் குழு என்ன செய்தால் அது பருவத்துக்கு முன் வந்து சேரும் என்பதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நமக்கு ஏன் இந்தப் பேச்சு?

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை உள்ள இந்தக் கடற்கரைப் பகுதியில் ஒரு பக்கம் ஏரிப் பாசனம், மறுபக்கம் உப்பங்கழியும் உப்பளமும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2016 டிசம்பர் வார்தா புயலையும், 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்த மாண்டஸ் புயலையும் நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. பொய்த்தால் கிணற்றில் உப்பு ஏறுகிறது. கரையை உயர்த்தவும், ஏரியைத் தூர் வாரவும், மதகைச் சீர்செய்யவும், உப்பைத் தாங்கும் நெல் இரகங்களைச் சோதித்துப் பார்க்கவும் பணம் வேண்டும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. கடலோரப் பேரிடர்களின் பாதிப்பைக் குறைக்கும் திட்டத்துக்காக உலக வங்கி 2013-இல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் 23 கோடியே 60 இலட்சம் டாலர் கடன் அளித்தது. 2017-இல் நீர்ப்பாசன வேளாண்மை நவீனமயமாக்கும் திட்டத்துக்கு 31 கோடியே 80 இலட்சம் டாலர் கடனாக வந்தது. நமக்குப் பக்கத்தில் கோவளம் வடிநிலத்தில் சென்னை மாநகராட்சி எடுத்துக்கொண்ட மழைநீர் வடிகால் பணிக்கு ஜெர்மன் நாட்டு வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ கடன் கொடுத்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டால், நார்வே நாட்டு நிதியுதவியுடன் அந்நாட்டு ஆராய்ச்சி நிறுவனமான பயோஃபோர்ஸ்க்கும் நம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நெல் சாகுபடிக்காகக் கிளைமா-ரைஸ் என்ற திட்டத்தையும், 2012 முதல் கிளைமா-அடாப்ட் என்ற திட்டத்தையும் நடத்தின.

பணம் வரும் மூன்று வழிகள்

முதல் வழி, அரசு வழி. உலக வங்கி போன்ற நிறுவனங்கள் பணத்தை நேரே நம் மாவட்டத்துக்கு அனுப்புவதில்லை. மாநில அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து முதலில் செலவு செய்கிறது. பிறகு அந்தச் செலவுக்கு உரிய கணக்கை, தில்லியில் நிதி அமைச்சகத்தின் கீழ் உள்ள வெளிநாட்டு உதவிக் கணக்கு அலுவலகத்தின் வழியாக அனுப்பித் திரும்பப் பெறுகிறது. விதிக்கு உட்படாத செலவு என்று கண்டால் அந்தத் தொகை திரும்ப வராது. மாநிலத்தின் தலையிலேயே விழும். பொறியாளர் ஒரு பில்லைப் பல முறை திருப்பிப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி, நபார்டு வழி. தகவமைப்பு நிதியம் என்று ஓர் உலக நிதியம் உண்டு. தட்பவெப்ப மாற்றத்தின் பாதிப்புக்கு ஏற்ப ஏழை நாடுகள் தங்களைத் தகவமைத்துக் கொள்வதற்காகக் கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் ஏற்பட்டது. புகையைக் குறைக்கும் தொழில்களுக்கு வழங்கப்பட்ட கரிமச் சான்றுகளில் நூற்றுக்கு 2 வீதமும், செல்வந்த நாடுகள் தரும் நன்கொடையும் இதன் வருவாய். இந்த நிதியத்தின் பணத்தை இந்தியாவில் பெற்று நடத்தும் தேசிய நிறுவனமாக நபார்டு 2012-இல் ஏற்கப்பட்டது. தென்கொரியாவில் தலைமையகம் கொண்ட பசுமைத் தட்பவெப்ப நிதியமும் 2015-இல் நபார்டை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலும் இராஜஸ்தானிலும் உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தட்பவெப்ப மாற்றத்துக்கு ஈடுகொடுக்கச் செய்யும் திட்டத்துக்குத் தகவமைப்பு நிதியம் 2015-இல் சுமார் 13 இலட்சம் டாலர் ஒப்புதல் அளித்தது. இது கடன் அன்று, மானியம்.

மூன்றாவது வழி, தொண்டு நிறுவனங்களின் வழி. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு இக்கடற்கரைக்கு இவ்வழியில் வந்த உதவியை நீங்கள் அறிவீர்கள். இதற்குரிய சட்டம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. இது 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அதன்படி, வெளிநாட்டு நன்கொடை முழுவதும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-க்கு மேல் போகக்கூடாது. முன்பு 50 வரை இருந்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது. ஆகவே உங்கள் சங்கக் கணக்கில் பணத்தைப் போடுங்கள் என்று தொண்டு நிறுவனத்தாரைக் கேட்காதீர்கள். அவர்கள் மறுப்பது மனமில்லாமல் அன்று. சட்டம் இடம் கொடாததால்தான். அவர்களே நேரில் கூலியும் பொருளும் கொடுத்து வேலையை நடத்தலாம்.

நிதி ஒருங்கிணைப்பாளரின் வேலை

இத்தகைய திட்டம் ஒவ்வொன்றிலும் நிதிக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பாக ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். அவர் வயலுக்கு அதிகம் வருவதில்லை. அதனால் அவரை யாரும் கவனிப்பதும் இல்லை. ஆனால் பணம் வருவதும் நிற்பதும் அவர் மேசையில்தான்.

அவர் செய்யும் முதல் வேலை, பணத்தைத் தலைப்புவாரியாகப் பிரித்து வைப்பது. மண்வேலை, விதை, பயிற்சி, சம்பளம், பயணம் எனத் தனித்தனித் தலைப்பு இருக்கும். பயிற்சிக்கு வைத்த பணத்தை அனுமதியில்லாமல் மண்வேலைக்கு எடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கும் வரம்பு உண்டு. தகவமைப்பு நிதியத்தின் விதிப்படி, திட்டச் செலவு 100 ரூபாய் என்றால் நடத்தும் செலவு 9 ரூபாய் 50 காசுக்கு மேல் போகக்கூடாது. நபார்டு போன்ற நிறுவனத்துக்குரிய கட்டணம் தனி; அதுவும் 8 ரூபாய் 50 காசுக்கு மேற்படாது.

இரண்டாவது வேலை, டாலரை ரூபாயாக்கிக் கணக்கிடுவது. திட்டம் எழுதும்போது ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 டாலருக்கு ஆறரை இலட்சம் ரூபாய். பணம் வரும்போது டாலர் 80 ரூபாயானால் எட்டு இலட்சம். கூடுதலான ஒன்றரை இலட்சம் யாருடைய இலாபமும் அன்று. அதுவும் திட்டப் பணமே. அதை எந்தத் தலைப்பில் செலவிடுவது என்று அனுமதி பெற வேண்டும். இதற்குள் சிமெண்டும் கூலியும் விலை ஏறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது வேலை, அறிக்கை அனுப்புவது. பணம் ஒரே தடவையில் வராது, தவணையாக வரும். முந்தின தவணைக்குக் கணக்கும் முன்னேற்ற அறிக்கையும் போய்ச் சேர்ந்து, சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த தவணை. பணம் கொடுப்பவர்கள் ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருக்கிறார்கள். நாம் கட்டிய கரையை அவர்கள் காகிதத்தில்தான் பார்க்கிறார்கள்.

பருவம் ஒன்று, நிதியாண்டு வேறு

இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. அரசு நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவற்றுக்கு டிசம்பரில் ஆண்டு முடியும். நமக்கோ பருவம்தான் ஆண்டு. நவரை அறுவடை முடிந்து ஏரி வற்றும் சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில்தான் மண்ணை வெட்டிக் கரை போட முடியும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் தை வரை கரையில் கால் வைக்க முடியாது.

ஒரு கணக்காகச் சொல்கிறேன். உப்பங்கழி நீர் வயலில் ஏறாதபடி ஒரு கரை போட 10 இலட்சம் ரூபாய்த் திட்டம். முதல் தவணை 4 இலட்சம், இரண்டாவது 6 இலட்சம். ஊர்க் குழு பங்குனியில் வேலையைத் தொடங்கி, 3 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு முறையாகச் சீட்டு வாங்கி வைத்தது. மீதி 20 ஆயிரத்தைப் பொக்லைன் இயந்திரத்துக்கும் டிராக்டருக்கும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டது, சீட்டு இல்லை. வேலை நடந்தது உண்மை. யாரும் ஒரு காசு எடுக்கவில்லை. ஆனாலும் கணக்கு நிற்கிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. இயந்திரக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆனி போயிற்று, ஆடியும் போயிற்று. இரண்டாம் தவணை புரட்டாசிக் கடைசியில் வந்து சேர்கிறது. அடுத்த வாரமே மழை. பாதி உயர்ந்த கரை கரைந்து, உப்பு நீர் சம்பாப் பயிருக்குள் நுழைகிறது. நட்டம் 20 ஆயிரமா? ஒரு போக விளைச்சலும், உப்பேறிய மண்ணைத் திருத்தும் செலவும் அல்லவா?

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது இதற்குத்தான் பொருந்தும்.

ஊர்க் குழு வைத்திருக்க வேண்டியவை

1. தீர்மானப் புத்தகம். எந்த வேலை, எந்த இடம், எவ்வளவு தொகை என்பதைக் கூட்டத்தில் எழுதி, வந்தவர்கள் அன்றே கையொப்பம் இட வேண்டும். பிறகு வீடுவீடாகச் சென்று கையொப்பம் வாங்கக்கூடாது.

2. கூட்டு வங்கிக் கணக்கு. இருவராவது கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்றிருக்க வேண்டும். திட்டப் பணத்தைச் சங்கத்தின் வேறு பணத்தோடு கலக்கக்கூடாது.

3. பணப் புத்தகம். வரவும் செலவும் அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் வங்கிப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

4. செலவுச் சீட்டுகள். தேதி, தொகை, வாங்கிய பொருள், பெற்றவர் கையொப்பம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். எண் போட்டு வரிசையாகக் கோத்து வைக்கவும். பெரிய தொகையை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே கொடுப்பது நலம்.

5. விலைப்புள்ளிகள். பொருள் வாங்கும் முன் மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலை கேட்டு, எதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று குறிப்பு எழுதவும்.

6. மஸ்டர் ரோலும் அளவுப் புத்தகமும். எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை கன மீட்டர் மண் என்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்து வைக்கவும்.

இவை எல்லாம் ஒரு பள்ளி மாணவன் கணக்குதான். பத்தாம் வகுப்புப் படித்த மகளோ மகனோ வீட்டில் இருந்தால் வாரம் இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். பெண்கள் சுயஉதவிக் குழுக்களில் கணக்கெழுதிப் பழகியவர்கள் ஊரில் இருந்தால் அவர்களைக் குழுவில் சேர்த்துக் கொள்ளவும்.

நீங்களும் கேட்கலாம்

கணக்குக் கொடுப்பது நம் கடமை. கேட்பது நம் உரிமை. உங்கள் ஊரில் ஒரு திட்டம் தொடங்கும் நாளிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு? அதில் எங்கள் ஊர் வேலைக்கு எவ்வளவு? தவணை எந்தெந்த மாதம்? கரை வேலைக்குரிய பெரிய தவணை பங்குனிக்குள் கைக்கு வரும்படி ஒப்பந்தம் எழுதும் போதே சொல்லிவிட வேண்டும். கையெழுத்தான பிறகு மாற்றுவது எளிதன்று.

திட்டத்தின் வரவு செலவைக் கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள். அரசுத் திட்டமாயின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்து மூலம் கேட்கலாம். உலக வங்கி, தகவமைப்பு நிதியம் போன்றவற்றிடமும் பாதிக்கப்பட்டவர்கள் முறையிட வழி உண்டு. ஆனால் முறையிடப் போகிறவரின் கையில் தீர்மானப் புத்தகமும் சீட்டும் இருந்தால்தான் அந்த முறையீட்டுக்கு வலு.

உழவர் பெருமக்களே! தட்பவெப்ப மாற்றத்துக்குக் காரணமான புகையில் நம் பங்கு மிகச் சிறியது. அதன் நட்டமோ நம் வயலுக்கு முதலில் வருகிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் இந்தப் பணத்தை இரந்து வாங்குவதாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் அதை உரிமையோடு கேட்பதற்கு ஒழுங்கான கணக்கு வேண்டும். இந்தப் பருவ மழை ஓய்ந்ததும் உங்கள் ஏரிப் பாசனச் சங்கத்தைக் கூட்டுங்கள். ஒரு தீர்மானப் புத்தகமும் ஒரு பணப் புத்தகமும் வாங்குங்கள். திட்டம் வருவதற்கு முன்பே, சங்கத்தின் சொந்தப் பணத்தை அதில் எழுதிப் பழகுங்கள். ஓராண்டுக் கணக்கு ஒழுங்காக உள்ள சங்கத்தைத் தேடித்தான் திட்டங்கள் வரும். வந்த பிறகு தவணையும் தடைப்படாது.