முறிந்த சிறு கொக்கி

திருவொற்றியூர்த் தேரடியில் நின்று தேரைப் பார்ப்பவர்களின் கண்கள் இயல்பாகவே மேல்நோக்கிச் செல்லும். தேரின் உயரத்தையும் சிற்பங்களையும் கண்டு வியப்பார்கள். சக்கரத்தைக் கழன்றுவிடாமல் காத்து நிற்கும் அச்சாணியைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. உருவத்தால் சிறியதென்று எதனையும் இகழாதே என்று சொல்ல வந்த வள்ளுவர், அந்த அச்சாணியைத்தான் நமக்கு நினைவூட்டினார். நானும் இன்று ஒரு சிறு உறுப்பைப் பற்றியே பேச விரும்புகிறேன். போட்டிகளில் பயன்படும் ரிவால்வர் என்னும் சுழல் துப்பாக்கியின் உள்ளே ஓர் உறுப்பு முறிந்துவிட்டால் அதனை எவ்வாறு செப்பனிடுவது? யார் செப்பனிடுவது? இவையே என் கேள்விகள்.

பள்ளி ஆசிரியராக இருந்தவருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுள் சிலர் எண்ணலாம். குறி பார்த்துச் சுடுதல் உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு விளையாட்டு. 1896ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் புத்துயிர் பெற்ற ஒலிம்பிக் விழாவிலேயே அது இடம்பெற்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வந்த ஜான் பெயின், சம்னர் பெயின் என்னும் உடன்பிறந்தார் இருவர், படைத்துறைக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ரிவால்வர்களைக் கொண்டு முதலிடத்தையும் இரண்டாம் இடத்தையும் பெற்றனர். நம் நாட்டு ஜஸ்பால் ராணா 1994ஆம் ஆண்டில் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற 'சென்டர் ஃபயர்' போட்டியும் ரிவால்வருக்கு இடம் தரும் போட்டியே. இவ்விளையாட்டில் வெற்றிக்குக் கண்ணும் கையும் மனமும் வேண்டும். அவற்றோடு, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் சில இரும்புத் துண்டுகளின் ஒத்துழைப்பும் வேண்டும்.

அந்தத் துண்டுகள் என்ன செய்கின்றன? ரிவால்வரின் நடுவே ஓர் உருளை உண்டு. அதில் பெரும்பாலும் ஆறு அறைகள் இருக்கும். பின்புறத்தில் ஒரு சிறு சுத்தியல் இருக்கிறது. அதனைப் பின்னுக்கு இழுக்கும்போது, உள்ளேயிருந்து ஒரு மெல்லிய துண்டு எழுந்து உருளையின் பற்களைத் தள்ளுகிறது. ஆங்கிலத்தில் அதற்குக் 'கை' என்றே பெயர். கை தள்ளியதும் உருளை ஓர் அறையளவு சுழலும். உடனே மற்றொரு துண்டு உருளையின் பள்ளத்தில் விழுந்து அதனை அசையாமல் நிறுத்தும். இழுக்கப்பட்ட சுத்தியலை ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். சில துப்பாக்கிகளில் விரலால் அழுத்தும் விசையின் நுனியே அந்தக் கொக்கியின் வேலையையும் செய்யும்.

நான் வாழும் பகுதிக்கு டோல்கேட் என்று பெயர். பெயரிலேயே சுங்கச் சாவடி இருக்கிறது. சாவடியின் குறுக்குக் கட்டையை எண்ணிப் பாருங்கள். வண்டியோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு மெலிந்தது! ஆயினும் பாரம் ஏற்றிய வண்டி அதன்முன் நிற்கிறது. கட்டை உயர்ந்தால்தான் வண்டி நகரும். துப்பாக்கியின் கொக்கியும் அத்தகையதே. அழுத்தப்பட்ட வில்லின் ஆற்றல் முழுவதையும் அது தாங்கி நிற்கிறது. விசையை அழுத்தும்போது கொக்கி விலகுகிறது, சுத்தியல் பாய்கிறது. கொக்கியின் விளிம்பு தேய்ந்தாலோ முறிந்தாலோ, கட்டையில்லாத சாவடியின் நிலைதான். சுடுபவர் எண்ணாத நேரத்தில் சுத்தியல் பாய்ந்துவிடக்கூடும். உருளையைத் தள்ளும் கை முறிந்தாலோ, அறையும் குழலும் நேர்கோட்டில் சேரா.

ஒரு சிறு உறுப்பு எவ்வளவு பெரிய உழைப்பைக் குலைத்துவிடும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. அது ரிவால்வரன்று, காற்றழுத்தத்தால் இயங்கும் கைத்துப்பாக்கி. ஆயினும் பாடம் ஒன்றே. 2021ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டியின் தகுதிச்சுற்றில் நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருந்தார். அறுபது குண்டுகளை எழுபத்தைந்து நிமிடங்களுக்குள் சுட வேண்டும். இடையிலே, துப்பாக்கியைச் சுடுவதற்கு ஆயத்தமாக்கும் நெம்புகோல் உடைந்தது. பயிற்சியாளருடன் வெளியே சென்று, பழுதைச் சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கழிந்துவிட்டன. மீதிக் குண்டுகளை அவர் விரைந்து சுட வேண்டியதாயிற்று. 575 புள்ளிகளோடு பன்னிரண்டாம் இடமே கிடைத்தது. இறுதிச் சுற்றில் எண்மருக்கே இடம். பல்லாண்டுப் பயிற்சியின் பயனை ஒரு நெம்புகோல் பறித்துவிட்டது.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே 10 மீட்டர் போட்டியில் வெண்கலம் பெற்றார். சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்புக் குழுப் போட்டியிலும் வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர், நான் முன்பு குறிப்பிட்ட ஜஸ்பால் ராணாவே.

இனி, உறுப்பு ஏன் முறிகிறது என்று பார்ப்போம். வலுவாக அடித்தால்தான் இரும்பு முறியும் என்று பலர் நினைக்கின்றனர். அது முழு உண்மையன்று. சிறு விசையாயினும் ஆயிரக்கணக்கான முறை வந்து தாக்கினால் எஃகும் களைத்துப்போகும். பெரும்பாலும் கூரான ஓர் உள்மூலையில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். ஒவ்வொரு இயக்கத்திலும் அது சிறிது வளரும். ஒரு நாள் எஞ்சிய பகுதி தாங்காமல் முறிந்துவிடும். ஆகவே முறிந்த துண்டுகளை எறிந்துவிடக்கூடாது. முறிவின் முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும் மற்றொரு பகுதி சொரசொரப்பாகவும் இருந்தால், வெடிப்பு நெடுநாள் வளர்ந்தது என்று அறியலாம். முகம் முழுவதும் சொரசொரப்பாக இருந்தால், திடீரென வந்த விசையோ எஃகின் பதமோ காரணமா என்று ஆராய வேண்டும்.

பதம் என்பது கொல்லர்கள் நமக்குத் தந்த அருமையான சொல். எஃகைக் காய்ச்சி, தோய்ச்சல் கொடுத்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். பதம் மிஞ்சினால் எஃகு கண்ணாடி போல் நொறுங்கும். பதம் குறைந்தால் விரைவில் தேயும். முறிந்ததற்குப் பதிலாக வேறொரு துண்டை வெட்டி வைத்துவிட்டால் உருவம் பொருந்தலாம்; பதம் பொருந்தாவிட்டால் அது சில நாள் வேடம் போட்டுவிட்டு மீண்டும் முறியும். காரணத்தை அறியாமல் உறுப்பை மட்டும் மாற்றுவது, காய்ச்சலின் காரணத்தை அறியாமல் நெற்றியில் பற்றுப் போடுவதை ஒக்கும்.

"அதே வகை உறுப்பை வாங்கி மாட்டிவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த வசதியே மனித குலம் அரும்பாடுபட்டுப் பெற்ற ஒன்று. முற்காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் தனித்தனியே கையால் செய்யப்பட்டது. ஒன்றின் கொக்கி மற்றொன்றில் பொருந்தாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டு ஒனோரே பிளாங்க் என்னும் கைவினைஞர், ஒரே அளவில் செய்த உறுப்புகளைக் கலந்து வைத்து, கைக்கு வந்தவற்றை எடுத்துப் பூட்டிக் காட்டினார். அமெரிக்கப் படைக்கலச் சாலைகள் அம்முறையை வளர்த்தன. 1836ஆம் ஆண்டில் தம் ரிவால்வருக்கு அமெரிக்க உரிமம் பெற்ற சாமுவேல் கோல்ட், இயந்திரங்களைக் கொண்டு அதனைப் பெருமளவில் செய்தார். 1851ஆம் ஆண்டில் இலண்டன் பெருங்கண்காட்சியில் அமெரிக்கர்களின் வேலைத்திறத்தைக் கண்ட ஆங்கிலேயர், பின்னர் என்பீல்டு என்னும் ஊரிலிருந்த தம் அரசுப் படைக்கலச் சாலையில் அமெரிக்க இயந்திரங்களை நிறுவினர்.

என்பீல்டு என்னும் பெயர் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் புதியதா? அந்தப் படைக்கலச் சாலைக்கு நுட்ப உறுப்புகள் செய்து கொடுத்த ஒரு மிதிவண்டி நிறுவனம், அதன் நினைவாகத் தன் வண்டிகளுக்கு ராயல் என்பீல்டு என்று பெயர் சூட்டிக்கொண்டது. 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பதே அதன் முழக்கம். 1955ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. துப்பாக்கிக் கொக்கியைப் பிழையின்றிச் செய்யக் கற்ற உலகத்தின் அறிவு, மோட்டார் சைக்கிளின் உருவத்தில் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. நம் பகுதிக் கடைசல் பட்டறைகளில் மைக்ரோமீட்டரைப் பிடித்து நிற்கும் இளைஞர்கள் அந்த அறிவின் வாரிசுகளே. என்னிடம் எழுத்துக் கற்றவர்களிலும் அத்தகையோர் பலர் உண்டு.

ஒரே அளவில் உறுப்புகள் கிடைக்கும் இக்காலத்திலும் போட்டி ரிவால்வருக்குப் பொருத்துபவரின் கை தேவைப்படுகிறது. ஆயிரக்கணக்கில் செய்யப்படும் உறுப்புகளுக்குள் நூலிழை வேறுபாடு இருக்கவே செய்யும். சாதாரண வேலைக்கு அது பெரிதன்று. போட்டியிலோ அந்த நூலிழைதான் வெற்றி தோல்வியைப் பிரிக்கிறது. ஆகவே சில உறுப்புகளைச் சிறிது மிகுதியான அளவில் செய்து அனுப்புவார்கள். பொருத்துபவர் அரத்தால் மெல்லத் தேய்ப்பார், பொருத்திப் பார்ப்பார், கழற்றுவார், மீண்டும் தேய்ப்பார். இங்கே ஒரு விதி உண்டு. புதிய உறுப்பைத்தான் அராவ வேண்டும். துப்பாக்கியின் உடலை அராவக்கூடாது. உறுப்புக் கெட்டால் வேறொன்று வாங்கலாம். உடல் கெட்டால் யாவும் கெட்டது.

பொருத்திய பிறகும் வேலை முடிவதில்லை. ஓர் அறையில் சரியாக நின்றது என்று மகிழ்ந்துவிடக்கூடாது. ஆறு அறைகளிலும் பார்க்க வேண்டும். விசையின் எடையையும் சோதிக்க வேண்டும். சென்டர் ஃபயர் போட்டியில் அது 1000 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு உயர்த்துவார்கள். சுத்தியல் விழாமல் கல் உயர வேண்டும். எளிதாகச் சுடலாம் என்று கொக்கியின் பிடியை மிகக் குறைத்துவிட்டவன் இந்தச் சோதனையில் அகப்படுவான். அகப்படுவது அவனுக்கே நன்மை. அருகில் நிற்பவருக்கும் நன்மை.

அடுத்து, யார் செப்பனிடுவது என்னும் கேள்வி. நம் பகுதிப் பட்டறையில் எந்த உறுப்பையும் பார்த்தவுடன் செய்து தரக்கூடிய கைகள் உண்டு. ஆயினும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தன் 5ஆம் பிரிவில், துப்பாக்கியைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமன்றிப் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் உரிமம் வேண்டும் என்று கூறுகிறது. எவ்வளவு திறமையுடையவராயினும் உரிமமில்லாதவர் அதில் கை வைக்கலாகாது. திறமைக்கு இது அவமதிப்பா? அன்று. கத்தி பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் அறுவை மருத்துவம் செய்ய நாம் விடுவதில்லை. பிழை நேர்ந்தால் அது பிறர் உயிரைத் தொடும் என்னும் இடத்தில், சமுதாயம் திறமையோடு பொறுப்பையும் கேட்கிறது. "எனக்கு இந்த வேலை தெரியும், ஆனால் இதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை, உரிமம் பெற்றவரிடம் கொண்டு செல்லுங்கள்" என்று சொல்லும் தொழிலாளியை நான் பெரிதும் மதிக்கிறேன். தொழில் அறிவின் மேல்படி அது.

விளையாட்டு வீரனுக்கும் ஒரு கடமை உண்டு. உறுப்பு முறியும்வரை காத்திருப்பவன் நல்ல வீரனல்லன். எத்தனை முறை சுட்டோம் என்று குறித்து வைத்தல், காலந்தோறும் தக்கவரிடம் காட்டிச் சோதித்தல், விசையின் தன்மையில் சிறு மாறுதல் தோன்றினாலும் அலட்சியம் செய்யாதிருத்தல், செப்பனிட்ட துப்பாக்கியைப் போட்டிக்கு முன்பே பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்த்தல் ஆகிய யாவும் பயிற்சியின் பகுதிகளே. இவற்றால் எல்லாப் பழுதையும் தடுத்துவிட முடியாது. எனினும் தடுக்கக் கூடியதைத் தடுத்தோம் என்னும் மனநிறைவோடு களத்தில் நிற்கலாம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் துப்பாக்கியைத் தொடப்போகிறவர் சிலரே. ஆனால் எல்லோரும் எதையேனும் செப்பனிடப் போகிறவர்கள். சைக்கிளாக இருக்கலாம், கணக்கில் விழுந்த பிழையாக இருக்கலாம், முறிந்துபோன நட்பாகவும் இருக்கலாம். முறிந்த துண்டை எறியாமல் முதலில் காரணத்தைத் தேடுங்கள். பழையதைச் சிதைக்காமல் புதியதைப் பொருத்துங்கள். ஓர் அறையோடு நிறுத்தாமல் ஆறு அறைகளையும் சோதியுங்கள். உங்களுக்கு உரிமையில்லாத இடத்தில், உரியவரிடம் ஒப்படைக்கும் துணிவு கொள்ளுங்கள். இத்தனையும் செய்த பிறகுதான் ஒரு பொருளைச் செப்பனிட்டோம் என்று சொல்லத் தகும்.