மருந்து ஆய்வுக் கணக்குகளும் செயற்கை நுண்ணறிவும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சுட்டு மருந்துக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதறியே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். கூடவே இறுதியாண்டு மாணவர்களின் கேள்வி ஒன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "ஏ.ஐ. வந்த பிறகு அந்த வேலை இருக்குமா?"

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலேயே பலருக்கு இன்னும் தெரியாது. புதிய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுதான் கிளினிக்கல் டிரையல். யாருக்கு எந்த நாளில் மருந்து, ரத்த அழுத்தம் எவ்வளவு, எப்போது வாந்தி என்று மருத்துவமனைகளிலிருந்து வரும் விவரங்களை ஒழுங்குபடுத்தி, புள்ளியியலாளர் முன்கூட்டியே எழுதிவைத்த திட்டப்படி அட்டவணைகளாக மாற்ற வேண்டும். சாஸ் அல்லது ஆர் மொழியில் எழுதுகிறோம். அந்த அட்டவணைகளைப் பார்த்துத்தான் மருந்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்று அரசு முடிவெடுக்கிறது.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உலகின் மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்று நம்ம ஊர்ப் பக்கம்தான் நடந்தது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. 1997-ல் அந்த மாவட்டத்தைப் பிரித்துத்தான் திருவள்ளூர் மாவட்டம் வந்தது. திருவள்ளூர் வட்டாரமும் அந்த ஆய்வுப் பகுதிக்குள் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது, உலக சுகாதார நிறுவனம் துணை நின்றது. 2,80,000-க்கும் அதிகமானோருக்கு பி.சி.ஜி.யோ போலி ஊசியோ போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அவர்களில் காசநோய்த் தொற்று இல்லாத ஏறக்குறைய 1,10,000 பேரை 15 ஆண்டுகள் விடாமல் கவனித்தார்கள். மேசைக்கு மேசை கணினி வராத காலம், பாருங்கள்.

முடிவு யாரும் எதிர்பார்க்காதது. பிரிட்டனில் 1950-களில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் பி.சி.ஜி. நல்ல பலன் தந்திருந்தது. இங்கோ 1979-ல் வந்த முதல் அறிக்கை, நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு தெரியவில்லை என்றது. 1999-ல் வெளியான 15 ஆண்டுக் கணக்கும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதையே உறுதி செய்தது. (கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்ததும் பி.சி.ஜி. போடுவது தொடர்கிறது. நான் சொன்னதைக் கேட்டு யாரும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்!)

இப்படி ஒரு கசப்பான முடிவை உலகம் ஏன் நம்பியது? எண்ணிய விதம் அப்படி. எக்ஸ்ரே படம் ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியாகப் படித்தார்கள். முதலாமவர் என்ன எழுதினார் என்பது இரண்டாமவருக்குத் தெரியாது.

எங்கள் தொழிலிலும் இதே முறைதான். முக்கியமான அட்டவணையை ஒருவர் எழுதுவார். இன்னொருவர் அந்தப் புரோகிராமைப் பார்க்காமல், திட்டத்தை மட்டும் படித்துத் தானே முதலிலிருந்து எழுதுவார். இரண்டு விடைகளையும் கணினி ஒப்பிடும். ஒத்துப்போனால் அட்டவணை வெளியே போகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். தானியங்கி முறை எங்களுக்குப் புதிது அல்ல, மேக்ரோ எழுதி எழுதியே வளர்ந்த துறை இது. 2016 டிசம்பருக்குப் பின் தொடங்கும் ஆய்வுகளின் விவரங்களை ஒரே தர வடிவில் தர வேண்டும் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. கட்டாயமாக்கியது. எந்தக் கம்பெனி ஆய்வானாலும் பத்தியின் பெயர் ஒன்றே என்றாகிவிட்டால் இயந்திரத்துக்குக் கொண்டாட்டம்தானே! சாஸ் புரோகிராமை ஆர் மொழிக்கு மாற்றுவது, பிழைப் பதிவைப் படித்துக் காரணம் சொல்வது, அட்டவணைக்கு முதல் வரைவு போடுவது எல்லாம் நன்றாகவே செய்கிறது. அதைக் குறை சொல்லிப் பிழைக்க நான் வரவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு உதாரணம் பாருங்கள். நோயாளி முதல் மாத்திரையைச் சாப்பிட்டது 2023 ஜூன் 12. பக்கவிளைவுப் படிவத்தில் "தலைச்சுற்றல், தொடக்கம் ஜூன் 2023, தேதி தெரியாது" என்று இருக்கிறது. தேதியை நிரப்பியாக வேண்டும். மாதத்தின் முதல் நாள் என்று நிரப்பினால் தலைச்சுற்றல் ஜூன் 1-க்குப் போய்விடும். அதாவது மருந்துக்கு முன்பே வந்ததாகிவிடும். மருந்தின் பக்கவிளைவு அட்டவணையில் அந்த வரியே இருக்காது. அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் முதல் மாத்திரை சாப்பிட்ட நாளையே தொடக்கமாக வைப்பது வழக்கம். ஆனால் திட்டத்தில் அதைத் தெளிவாக எழுதவில்லை என்று வையுங்கள். இயந்திரம் நின்று கேட்காமலே ஏதோ ஒன்றை நிரப்பிவிட்டுப் போகலாம். எழுதியவரும் சரிபார்த்தவரும் ஒரே இயந்திரத்திடம் கேட்டிருந்தால், இருவருக்கும் ஜூன் 1 வர வாய்ப்பு அதிகம். ஒப்பிட்டால் "வித்தியாசம் இல்லை" என்று வரும். தலைச்சுற்றியவர் கணக்கில் காணாமல் போயிருப்பார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆலையில் ஒரு போர்மன் அண்ணாச்சி இருந்தார். பாய்லர் டிரம்மில் நீர்மட்டம் காட்ட மூன்று டிரான்ஸ்மிட்டர் இருக்கும். மூன்றில் இரண்டு குறைவு என்றால் பாய்லர் தானே நிற்கும். புது ஆள் எவன் வந்தாலும் அவர் முதலில் குழாயைத்தான் காட்டுவார். "மூணும் ஒரே டேப்பிங்கில இருந்து எடுத்தா அது மூணு மீட்டர் இல்ல தம்பி, ஒரே மீட்டருக்கு மூணு முகம். அடைச்சா மூணும் சேர்ந்து பொய் சொல்லும்." நம் பாடப்புத்தகத்தில் பொதுக் காரணப் பழுது என்று ஒரு பத்தி வரும், தேர்வுக்கு வராது என்று நாம் தாண்டிப் போவோமே, அதுதான். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு மின்சார ரயிலில் போக பேசின் பிரிட்ஜ் வரை வந்து மாற வேண்டும். பாடம் மட்டும் நேரே வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு ஏற்பாடு. எழுதுபவர் இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். சரிபார்ப்பவர் தொடக்கூடாது, திட்டத்தை மட்டும் படித்துக் கையால் எழுத வேண்டும். "அப்புறம் எதுக்கு ஏ.ஐ., பாதி நேரம்தானே மிச்சம்?" என்று மேலாளர்கள் கேட்கிறார்கள். பாதி மிச்சமானால் போதாதா என்பது என் கட்சி. 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலும், எந்தக் கேள்விக்காக மாதிரியைப் பயன்படுத்துகிறீர்கள், தவறினால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தே அதன் நம்பகத்தை நிறுவச் சொல்கிறது. விஷயம் இன்னும் தீர்ந்துவிடவில்லை. எங்களுக்குள் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி சீட்டுக் கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன். படிவத்தைப் பார்த்து அட்டவணை அடிக்கும் தொடக்க நிலை வேலை குறையும். எனக்குக் கதவு திறந்தது அந்த வேலைதான், அதனால் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. வேலை பழகும் படிக்கட்டு போனால் பத்து வருஷத்தில் சரிபார்க்க ஆள் எங்கிருந்து வருவார் என்று கம்பெனிகளும் யோசிக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் நான் இப்போது நிரலாக்கம் அதிகம் கேட்பதில்லை. அந்த ஜூன் மாத வரியைக் காட்டி, "இதை என்ன செய்வே? யார்கிட்ட கேப்பே?" என்பேன். உடனே விடை சொல்பவரை விட, மருத்துவமனைக்கு எழுதிக் கேட்கலாமா, திட்டம் என்ன சொல்கிறது என்று திருப்பிக் கேட்பவருக்கு என் ஓட்டு.

பயிற்சி வேண்டுமென்றால், 1979 அறிக்கை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் அட்டவணைகளை எடுத்து, யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், ஏன் என்று இரண்டு பேர் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். இருவரின் விடையும் வேறுபட்டால் சங்க அலுவலகம் மூலம் எனக்கு எழுதுங்கள். நிச்சயம் பதில் போடுவேன். சாப்பாடு தயார் என்று பின்னாலிருந்து கைகாட்டுகிறார்கள்.