மட்டையை மாற்றுமுன் உடலைக் கவனியுங்கள்



கோல்ஃப் ஆட்டத்திற்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தரையில் கிடக்கும் பந்தைத்தானே அடிக்கிறோம் என்பது அவர்கள் வாதம். ஆனால், 18 குழிகளையும் நடந்தே முடிப்பவர் நான்கைந்து மணி நேரத்தில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நடக்கிறார். அதுவும் ஜொகூர் வெயிலில். கடைசிக் குழிகளில் பந்து திசை மாறினால், குற்றம் மட்டையில் அல்ல, களைத்துப்போன கால்களில் இருக்கலாம்.

ஃபிஜி இந்தியரான விஜய் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டுகளில் போர்னியோவில் கோல்ஃப் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர் அவர். 2004இல், 41 வயதில், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஒன்பதை வென்று, டைகர் வூட்ஸை முந்தி உலகின் முதலிடத்தைப் பிடித்தார். அந்தச் சுற்றில் அவர் பெற்ற 34 வெற்றிகளில் 22 நாற்பது வயதுக்குப் பிறகு வந்தவை. ஓயாத பயிற்சியும் அதைத் தாங்கிய உடலுமே காரணம்.

பந்தை வீசி அடிக்கும் விசை கையில் பிறப்பதில்லை. பாதத்தில் தொடங்கி இடுப்பு, மார்பு, தோள் வழியாக மட்டைக்கு வருகிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து இடுப்பு இறுகிப்போனவருக்கு அந்தத் திருப்பத்தை அடிமுதுகு சுமக்கிறது. கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு முதுகுவலி அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெப்ராவ் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இருட்டில் பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மரம் மரமாக நடந்து பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று காரிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருக்கிறார்கள். திடலுக்குப் போனாலும் பக்கி வண்டி. ஆட்டம் முடிந்ததும் ரொட்டி சானாய், தே தாரிக். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது அதிகம். தோட்டம் போனது, நடையும் கூடவே போய்விட்டது.

செய்ய வேண்டியது எளிது. வாரத்தில் பெரும்பாலான நாள்களில் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாம். வாரத்திற்கு இரண்டு நாள், கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவற்றைச் செய்யலாம். உட்கார்ந்தபடி மார்பை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புவதும் நல்லது. ஆட்டத்திற்குமுன் பத்து நிமிடம் உடலைச் சூடாக்கி, சிறிய மட்டையில் தொடங்குங்கள். முடிந்த குழிகளுக்கு வண்டியை விட்டு நடங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்திப் பாதுகாப்பான கட்டடத்திற்குள் செல்லுங்கள்.

இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் பையில் இனிப்பும் வைத்திருக்க வேண்டும்.

புதிய மட்டைக்குப் பல நூறு ரிங்கிட் செலவாகும். நடைக்கு ஒரு ஜோடி காலணி போதும். அந்த நடை ஆட்டத்தின் புள்ளிகளைக் குறைக்கும், ஆயுளைக் கூட்டும்.