பத்தடி உயரம்

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மலையடிவாரத்து வயல்களுக்கிடையே அமைந்த ஊர் தேவதானம். அங்கே ஒரு பள்ளி மைதானத்தில் கம்பம் நட்டாலும் அதே 10 அடிதான். அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து ஆட்ட அரங்கிலும் அதே 10 அடிதான். அவ்வாறிருக்க, ஓரிடத்துப் பிள்ளைகள் உலகப் புகழ் பெறுவதும் மற்றோரிடத்துப் பிள்ளைகள் பெறாமற் போவதும் எதனால்? கீது அன்னா ஜோஸ் என்னும் வீராங்கனையின் இளமைக் காலம் இதற்கு விடை கூறும்.

1985ஆம் ஆண்டு கேரளத்தின் கோட்டயம் பகுதியிற் பிறந்த இவர், பள்ளியில் முதலில் ஆடியது கைப்பந்து. ஆறடிக்கு மேல் வளர்ந்த இவர் பின்னரே கூடைப்பந்துக்கு வந்தார். சென்னையில் தென்னக இரயில்வேயிற் பணி பெற்று, அதன் அணிக்காக ஆடினார். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்வதற்கு நம் நாட்டுக் கூடைப்பந்துப் பெண்களுக்கு இடமில்லை. இரயில்வே போன்ற நிறுவனம் தரும் வேலைதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. எளிய குடும்பத்துப் பெண்ணொருத்தி கவலையின்றிப் பந்தைத் தொடுவதற்கு இதுவே துணை. இதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், நிகரான எதிரணிகளுடன் வாரந்தோறும் மோதிப் பழகும் வாய்ப்பை அந்த வேலை தந்துவிடாது.

அந்த வாய்ப்பைத் தேடியே கீது கடல் கடந்தார். 2006ஆம் ஆண்டு, தமது 21ஆம் வயதில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை அடுத்த ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்திற் சேர்ந்தார். அந்நாட்டுக் கழகமொன்றில் ஆடிய முதல் இந்தியப் பெண் இவரே. 2008 வரை அங்கே ஆடினார். நம்மிடையே அவருடைய உயரம் ஓர் அதிசயம். உயரமானவர்கள் பலர் ஆடும் களத்திலோ, கால்களின் வேகமும் கண நேரத்தில் முடிவெடுக்கும் திறனுமே ஆட்டக்காரரைக் காப்பாற்றும்.

2011 ஏப்ரலில் அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூட்டமைப்பைச் சேர்ந்த சிக்காகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. அவ்வழைப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. அந்நாளில் அக்கூட்டமைப்பில் இருந்த அணிகள் 12. அணிக்கு 11 பேர். ஆக 132 இடங்கள். அவற்றுக்கு உலகெங்கிலுமிருந்து போட்டி. கீதுவுக்கு இடம் கிட்டவில்லை. தாயகம் திரும்பி ஆட்டத்தைத் தொடர்ந்தார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார்.

இதைத் தோல்வி என்று சொல்லலாமா? அவருடன் போட்டியிட்ட அமெரிக்கப் பெண், பள்ளியிலும் பின்னர் நான்காண்டுக் கல்லூரி வாழ்விலும் பயிற்சியாளரின் கண்காணிப்பில் ஓயாது ஆடி வளர்ந்தவள். கீது தேர்வுக் களத்தில் நின்றபோது அவருக்கு வயது 25. குறைவாக இருந்தது அவருடைய திறமையன்று. அத்திறமைக்குப் பின்னால் இருந்திருக்கவேண்டிய ஆட்டங்களின் எண்ணிக்கையே.

ஆகையால், மாணவர்களே, உயரமான பிள்ளையைத் தேடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. தேவதானம் போன்ற ஊர்களின் பள்ளிகளில் ஒரு நல்ல களமும், அக்கறையுள்ள ஒரு பயிற்சியாளரும், வாரம் ஓர் ஆட்டமும் வேண்டும். பத்து வயதுச் சிறுமி மாலை வேளையில் பந்துடன் களத்தில் இறங்குகையில், "உனக்கு எதற்கு இது?" என்று கேளாத வீடும் வேண்டும். இவை அமைந்தால், அடுத்த முறை அழைப்பு வரும்போது நம் பெண் பதினைந்தாண்டுப் பயிற்சியோடு அங்கே செல்வாள்.