மூச்சுத் திணறல்: இதயமா, நுரையீரலா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நாம் மருத்துவர் அல்லோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதுவோர். எனினும் ஒன்று கூறுவோம். ஒற்றசேகரமங்கலத்து நம் இல்லங்களில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் ‘இழுப்பு’ என்று ஒரே பெயர் சூட்டிவிடுகிறோம். அதனால் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுகிறோம்.

படுத்தால் திணறி, எழுந்து உட்கார்ந்தால் தணிந்து, காலும் வீங்கினால் இதயத்தை ஐயுற வேண்டும். தூசியாலும் புகையாலும் விட்டுவிட்டு வந்து, மார்பில் சீழ்க்கை ஒலி எழுந்தால் ஆஸ்துமாவாகலாம். இருமல் 2 வாரம் கடந்து, மாலைக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால் சளியைச் சோதித்தல் வேண்டும், காசநோயாகலாம். இளைஞர்களே, மார்பில் குழலை வைக்குமுன் இவற்றைக் கேளுங்கள். பின்பு சோதனைகளால் உறுதி செய்யுங்கள்.

காசநோய் என்றதும் நோயாளியை வீட்டினின்று விலக்க வேண்டா. சென்னையில் 1956இல் தோன்றிய ஆய்வு நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்டோரும் மருத்துவமனையில் தங்கியோரைப் போலவே குணமடைவதை 1959இல் காட்டியது. ஆனால் மருந்தைப் பாதியில் நிறுத்துவது, பாதி வழிக்குச் சீட்டு வாங்குவது போன்றது. ஊர் போய்ச் சேர முடியாது. மருத்துவர் குறித்த காலம், பொதுவாக 6 திங்கள், தவறாது உண்ண வேண்டும்.

தாய்மார்களே, குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்து, சில வாரங்களில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் காலம் தாழ்த்தாதீர். அவ்வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைச் சிதைக்கும். அண்மையிலுள்ள திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990இல் முதன்முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அது நமக்குப் பெருமையே. இறைவன் தந்த வால்வைக் கெடாது காப்பது அதனினும் பெரிது.

வாழ்க நலமுடன்!